சுவரில் ஒட்டியிருந்த 25.6

குடுவையில் இளஞ்சிவப்பு வந்தது. முப்பது வினாடி எண்ணினேன். மறையவில்லை. பியூரெட் என்ற அளவுக் குழாயின் கோட்டு மட்டத்துக்குக் கண்ணை இறக்கி அளவைப் படித்தேன். 14.00. இரண்டாவது முறையும் இதே 14.00தான். முதல் முறை மட்டும் 14.10.

புக்கிட் செந்தோசாவில் ஒரு கடை வரிசையின் இரண்டாம் மாடியில் இருக்கும் தொழிற்கல்லூரியின் ஆய்வுக்கூடம் அது. கீழே டயர் கடை. அங்கே காற்றழுத்தி ஓடும்போதெல்லாம் எங்கள் மேசைமேல் இருக்கும் கண்ணாடிச் சாமான்கள் மெல்ல நடுங்கும். சனிக்கிழமை காலை. பன்னிரண்டு மாணவர்கள். பத்துப் பேருக்கு என் வயதில் பாதிகூட இருக்காது.

தேர்வுத் தாளில் ஒரே கேள்வி. கொடுக்கப்பட்ட வினிகரில் அசெட்டிக் அமிலம் எத்தனை விழுக்காடு?

வினிகரின் எடை 2.00 கிராம். பியூரெட்டில் இருந்த சோடியம் ஹைட்ராக்சைடு காரத்தின் செறிவு 0.100. செலவான அளவு 14.00 மில்லிலிட்டர். பேனா தானாக ஓடியது. பெருக்கினேன், வகுத்தேன், விடையைப் பெட்டிக்குள் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். இருபது நிமிடம் மிச்சம் இருந்தது. பியூரெட்டைக் கழுவித் தாங்கியில் கவிழ்த்தேன். மேசையைத் துடைத்தேன். பக்கத்து மேசையில், உடன் படிக்கும் குமரேசன் முதல் குடுவையோடு இன்னும் போராடிக்கொண்டிருந்தார்.

அந்த இருபது நிமிடமும் கைகளைக் கட்டிக்கொண்டு மிகவும் திருப்தியாக உட்கார்ந்திருந்தேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

வாசகி கேட்டது

போன வாரம் நான் நாட்குறிப்பு எழுதும் முறையைப் பற்றிச் சொல்லியிருந்தேன். தஞ்சோங் காராங்கிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: ‘எல்லாவற்றையும் எழுதி வைக்கிறீர்களே, என்றாவது தப்பாக எழுதியதுண்டா?’

உண்டு. மேலே சொன்ன சனிக்கிழமை எழுதினேன்.

இந்தத் தொடரை இடையில் படிக்க வந்தவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். கோலசிலாங்கூருக்கு உள்ளே, தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. இருபத்திரண்டு ஆண்டுகளாக அதே மேசை. தொட்டியிலிருந்து எண்ணெய் எடுத்து வருவார்கள். ஐந்து கிராம் நிறுத்து, சூடான ஆல்கஹாலில் கரைத்து, நிறங்காட்டி இரண்டு சொட்டு விட்டு, பியூரெட்டைத் திறப்பேன். எண்ணெய் கெட்டு எத்தனை விழுக்காடு அமிலமாகப் பிரிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் சோதனை. ஐந்துக்கு மேல் போனால் எண்ணெய் வாங்குபவர்கள் முகம் சுளிப்பார்கள்.

கணக்கு மிகச் சுலபம். தராசுக்கு மேலே சுவரில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள் ஒட்டியிருந்தது. 25.6 ஐக் கரைசலின் செறிவால் பெருக்கு, செலவான அளவால் பெருக்கு, எடையால் வகு. அவ்வளவுதான். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு சோதனை என்றால், இருபத்திரண்டு ஆண்டில் அந்த எண்ணை எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேன் என்று பாருங்கள். வீட்டுத் தொலைபேசி எண்ணை மறந்தாலும் அதை மறக்க மாட்டேன்.

அது எங்கிருந்து வந்தது என்று மட்டும் தெரியாது.

ஒருமுறை கேட்டேன். ஆய்வுக்கூட சூப்பர்வைசர் தங்கராஜு அண்ணன், நான் வேலைக்கு வருவதற்குப் பத்து வருடம் முன்பே வந்தவர். அறிக்கையின் அடியில் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான்.

“அண்ணே, ஏன் 25.6? ஏன் 25 இல்ல, 26 இல்ல?”

“அதான் அதோட நம்பர் லா” என்றார். “நான் வந்தப்பவே செவுத்துல இருந்துச்சு. நீ என்னா, சாமி படத்தப் பாத்து இவருக்கு ஏன் நாலு கைன்னு கேக்கற மாதிரி கேக்கற?”

நானும் சிரித்துவிட்டு அடுத்த குடுவையை எடுத்தேன்.

இன்னொரு எண், இன்னொரு காலம்

இதே இடத்தில் முன்பு ரப்பர் இருந்தது. அம்மா பால் வெட்டியவள். அவள் வாளியைக் கொண்டுபோய் வைத்ததும் தோட்டத்துக் கணக்கரான கிராணி அதில் ஒரு மிதவைக் குழாயை இறக்குவார். குழாய் ஆடி நின்றதும் ஓர் எண்ணைச் சத்தமாகச் சொல்வார். பாலில் எத்தனை ரப்பர், எத்தனை தண்ணீர் என்பதற்கான எண் அது.

அம்மா ஒருநாள் கேட்டாளாம்: “ஐயா, நேத்து அதே மரந்தான், அதே பால்தான். இன்னிக்கு ஏன் கொறையுது?”

“சொன்னா ஒனக்குப் புரியுமா?” என்றாராம் கிராணி.

அம்மா இதைப் பல தடவை சொல்லியிருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் கோபத்தோடு. நான் அந்தக் கிராணியைக் கெட்டவராக நினைத்துத்தான் வளர்ந்தேன். தங்கராஜு அண்ணனிடம் கேட்ட பிறகுதான் தோன்றியது: பாவம், அவருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம்.

எதற்காக வகுப்புக்குப் போனேன்

தங்கராஜு அண்ணன் அந்த ஆண்டுக் கடைசியில் ஓய்வு பெறுவதாக இருந்தார். அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறவருக்கு இனிமேல் சான்றிதழ் வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. சான்றிதழ் இருந்தால் அந்த இருக்கை எனக்கு. இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஒருவர் வருவார். நான் நிறுப்பேன், நான் பார்ப்பேன், நான் எழுதுவேன். அடியில் அவர் கையெழுத்துப் போடுவார்.

பள்ளியில் நான் கலைப் பிரிவு. வேதியியல் புத்தகத்தைத் திறந்ததே இல்லை. ஆனாலும் நாற்பத்தொன்பது வயதில் பெயர் கொடுத்தேன்.

விரிவுரையாளர் மிஸ் ஷாலினிக்கு இருபத்தெட்டு வயது. வெளியே பார்த்தால் என்னை ‘அக்கா’ என்பார். வகுப்புக்குள் நுழைந்துவிட்டால் ‘புவான் விமலா’ என்று அதிகாரிகளைக் கூப்பிடுவதுபோல் கூப்பிடுவார். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாம் வாரமே மோல் வந்தது. ஒரு மோல் என்றால் இத்தனை துகள்கள் என்று ஓர் எண்ணைப் பலகையில் எழுதி, பின்னால் இருபத்து மூன்று சுழியம் என்றார். வகுப்பே பெருமூச்சு விட்டது. எனக்கு அந்த எண்ணைப் பற்றிப் பயமில்லை. பெரிய எண் என்பதால் யாரும் எண்ணச் சொல்ல மாட்டார்கள். எனக்கு விளங்காதது வேறு. எண்ணவே முடியாத ஒன்றைத் தராசில் வைத்து எப்படி எண்ணுவது?

குமரேசன் அங்கேதான் பழக்கமானார். முப்பத்து நாலு வயது. கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. “அக்கா, கேக்காதீங்க. கேட்டா மிஸ் இன்னொரு தடவ வெளக்குவாங்க. நான் நைட் ஷிப்ட் முடிச்சிட்டு நேரா வந்துருக்கேன், தாங்காது” என்றார்.

நான் கேட்டேன். மிஸ் இன்னொரு தடவை விளக்கினார். அப்போதும் விளங்கவில்லை. நாட்குறிப்பில் ‘மோல்: விளங்கவில்லை’ என்று எழுதிப் பக்கத்தில் ஒரு சிறு வட்டம் போட்டு வைத்தேன். வட்டம் போட்டால் அதை மூடாமல் விடுவதில்லை என்பது என் வழக்கம்.

பதினெட்டு விழுக்காடு

தேர்வுக்கு அடுத்த சனிக்கிழமை தாள்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். என் தாளில் பெட்டிக்குள் 17.92. அதைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம்.

“புவான் விமலா, உங்க டைட்ரேஷன்தான் வகுப்புலயே சிறந்தது” என்றார் மிஸ். “பதினாலு, பதினாலு, பதினாலு புள்ளி ஒண்ணு. இந்த மாதிரி நானே எடுத்ததில்ல. ஆனா இந்த 25.6 எங்கேருந்து வந்துச்சு?”

சுவரிலிருந்து என்றா சொல்வது?

“படி எதுவும் எழுதல. மோல் எழுதல. நேரா விடைக்குப் போயிட்டீங்க. சரியான விடை 4.2.”

குமரேசன் எட்டிப் பார்த்தார். “பதினெட்டு விழுக்காடா? அக்கா, இத ஆச்சார் ஊறுகாய்க்கு ஊத்துனா ஜாடியே கரைஞ்சிரும் லா.”

வகுப்பு சிரித்தது. நானும் சிரிக்க வேண்டியிருந்தது. என்னைப் போலவே அவரும் தேர்வில் தோற்றிருந்தார், ஆனால் காரணம் வேறு. ஒவ்வொரு முறையும் ஒரு சொட்டு, இரு சொட்டு என்று அதிகம் விட்டுவிடுவார். “எனக்கு வந்தது இளஞ்சிவப்பு இல்ல, குடிக்கிற ரோஸ் சிராப்பு கலரு” என்று தானே சொல்லிக்கொண்டார்.

மறுதேர்வு மூன்று வாரம் கழித்து, ஒரே ஒரு தடவை. அதிலும் தவறினால் அடுத்த ஆண்டு முழுப் பாடத்தையும் திரும்ப எடுக்க வேண்டும். அதற்குள் தங்கராஜு அண்ணனின் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார்.

செல்வத்தின் லோரி

என் கணவர் செல்வம் குலை லோரி ஓட்டுகிறவர். தோட்டத்தில் ஏற்றிய செம்பனைக் குலைகளை எங்கள் ஆலைக்குத்தான் கொண்டுவருவார். அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது தாளைக் காட்டினேன். அவர் சிவப்பு வட்டத்தை மட்டும் பார்த்தார்.

“ஒன் நம்பர் தப்பா?”

“நம்பர் தப்பில்லீங்க. அது எதோட நம்பர்னு எனக்குத் தெரியல.”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: “இன்னிக்கு எடைமேடையில புதுக் கிளார்க்கு ஒருத்தன். லோரிக்கு ஆயிரத்து எரநூத்தி அம்பது குலைன்னு எழுதிட்டான். நானே ஏத்துனேன், ஐநூறுதான் இருக்கும். கேட்டா, பத்து டன்ன குலை எடையால வகுத்தேங்கறான். அவன் போட்டது புது நடவு குலை எடை, எட்டுக் கிலோ. நான் ஏத்துனது பழைய மரம். ஒரு குலை இருவது கிலோ.”

நான் கையில் எடுத்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

குலைகளை யாரும் எண்ணுவதில்லை. லோரியை நிறுப்பார்கள். ஒரு குலையின் சராசரி எடையால் வகுப்பார்கள். எத்தனை குலை என்பது வந்துவிடும். எண்ண முடியாததைத் தராசால் எண்ணும் வேலையை என் கண்ணெதிரே வருடக் கணக்காகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

“ஏங்க, இன்னொரு தடவ சொல்லுங்க.”

“எதுக்கு? நீயும் என்ன நம்பலயா?”

சாப்பாடு ஆறிப்போனது. குறிப்பேட்டை எடுத்துவந்து எழுதினேன். பால்மிட்டிக் அமிலம், எண்ணெயில் இருப்பது. கார்பன் பதினாறு, ஹைட்ரஜன் முப்பத்திரண்டு, ஆக்சிஜன் இரண்டு. அணு எடைகளால் பெருக்கினால் 192, 32, 32. மொத்தம் 256.

ஒரு மோலுக்கு 256 கிராம். மில்லிலிட்டரை லிட்டராக்க ஆயிரத்தால் வகுக்க வேண்டும், விழுக்காடாக்க நூறால் பெருக்க வேண்டும். 256 பத்தில் ஒன்றாகிறது. 25.6.

இருபத்திரண்டு ஆண்டுகளாக என் தலைக்கு மேலே இருந்த எண் ஒரு குலையின் எடை. அதுவும் பழைய மரத்துக் குலை. அசெட்டிக் அமிலம் புது நடவு. அதன் ஒரு மோல் அறுபது கிராம்தான். எடைமேடைப் பையன் லோரியில் செய்த தவறை நான் குடுவையில் செய்திருந்தேன். அவன் கனமான குலைக்கு லேசான எடையைப் போட்டான். நான் லேசானதற்குக் கனமானதைப் போட்டேன்.

நாட்குறிப்பில் அந்தச் சிறு வட்டத்தின் மேல் ஒரு கோடு போட்டேன்.

இரண்டு கணக்கு

விளங்கினால் போதும் என்று நினைக்கிறவள் அல்ல நான். தேர்வு அறையில் தவறு செய்தது என் மூளை அல்ல, என் கை. கைக்கு விளங்கவைப்பது வேறு வேலை.

அடுத்த மூன்று வாரமும் ஆலையில் ஒவ்வொரு சோதனைக்கும் இரண்டு கணக்குப் போட்டேன். அறிக்கைக்கு வழக்கமான சூத்திரம். என் குறிப்பேட்டில் நான்கு படிகள்: செலவான காரம் எத்தனை மோல்? அதற்கு ஈடாக எத்தனை மோல் அமிலம்? அந்த அமிலம் எத்தனை கிராம்? எடுத்த எடையில் அது எத்தனை விழுக்காடு? இரண்டு விடையும் ஒன்றாக வந்தால் ஒரு சரிக்குறி.

எண்ணெயில் 3.48 வரும். குறிப்பேட்டிலும் 3.48 வரும். சரிக்குறி.

தங்கராஜு அண்ணன் மூன்றாம் நாள் வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

“ரெண்டும் ஒண்ணுதான வருது? அப்புறம் எதுக்கு இந்தச் சுத்து?”

“வழி தெரியணும்ண்ணே.”

“வழி தெரியாமயா நான் முப்பத்தி ரெண்டு வருசம் கையெழுத்துப் போட்டேன்?”

அவர் குரலில் கேலி இருந்தது, கொஞ்சம் வேறு ஏதோவும் இருந்தது. அடுத்த குடுவையை எடுத்தேன். அவரும் போகவில்லை. நான்காவது படி முடியும்வரை நின்றுவிட்டுப் போனார்.

மூன்று வாரத்தில் என் குறிப்பேட்டில் நூற்று எழுபத்தாறு சரிக்குறி.

மூன்று புட்டிகள்

மறுதேர்வுக்கு ஐந்து பேர். டயர் கடை அன்று மூடியிருந்தது. மேசைகள் அசையாமல் இருந்தன. மிஸ் ஷாலினி மூன்று புட்டிகளை வைத்தார். வினிகர், எலுமிச்சைச் சாறு, செம்பனை எண்ணெய்.

“நீங்க வேலை செய்யற எடம் வேற வேற. எது வேணும்னாலும் எடுங்க” என்றார்.

குமரேசன் முழங்கையால் லேசாக இடித்தார். “அக்கா, ஒங்களுக்குத்தான் வச்சிருக்காங்க. எண்ணெய எடுத்துக்கிட்டு பத்து நிமிசத்துல வீட்டுக்குப் போங்க.”

அவர் சொன்னது சரி. எண்ணெயை எடுத்தால் கை அறிந்த வேலை. 25.6 சரியான எண்ணாகவே இருக்கும். படிகளையும் எழுதி வைக்கலாம். நிச்சயம் தேறுவேன். சான்றிதழ் வரும், நாற்காலி வரும்.

புட்டியை நோக்கிக் கை போனது உண்மை. ஆரஞ்சு நிறத்தில், அடியில் கொஞ்சம் உறைந்து, எனக்குப் பழக்கமான முகம்போல் இருந்தது அந்த எண்ணெய். ஆனால் அதில் தேறினால், தேறியது நானா, சுவரில் இருக்கும் தாளா என்று எனக்கே தெரியாது. நாளைக்கு அறிக்கையின் அடியில் என் பெயரைப் போடும்போது அந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் வரும். எனக்கு என்னைத் தெரியும். வந்தால் விடாது.

வினிகர் புட்டியை எடுத்தேன்.

“அய்யோ அக்கா” என்றார் குமரேசன், மெதுவாக.

நிறுத்தேன். 2.00 கிராம். ஆலை எண்ணெயில் இளஞ்சிவப்பைப் பிடிப்பது கஷ்டம், ஆரஞ்சுக்குள் ஒளிந்துகொள்ளும். வினிகரில் அது தண்ணீருக்குள் வெட்கப்படுவதுபோல் வரும். 13.50. மீண்டும் 13.50. மூன்றாவது முறையும் பார்த்தேன். 13.50.

தாளை எடுத்தேன். பேனா தாளைத் தொட்டது. ‘2’ என்று எழுதியது, 25.6 இன் முதல் இலக்கம்.

அப்படியே நிறுத்தினேன். நூற்று எழுபத்தாறு முறை வழியைக் காட்டியும், இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கம் முந்திக்கொண்டது. ஆய்வுக்கூடத்தில் தவறை அழிக்கக் கூடாது, மறைக்கக் கூடாது. அந்த ‘2’ படிக்கத் தெரியும்படி அதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன். பிறகு அடுத்த வரியில் முதல் படியைத் தொடங்கினேன்.

காரம் 0.00135 மோல். ஒன்றுக்கு ஒன்று, ஆகவே அமிலமும் 0.00135 மோல். ஒரு மோல் அறுபது கிராம், ஆகவே 0.081 கிராம். இரண்டு கிராமில் அது 4.05 விழுக்காடு.

பெட்டிக்குள் எழுதினேன். அடியில் கோடு போடவில்லை. மணி அடிக்கும்வரை முதல் வரியிலிருந்து மூன்று முறை சரிபார்த்தேன்.

மிஸ் ஷாலினி அங்கேயே திருத்தினார். அடித்திருந்த ‘2’ இன்மேல் அவர் பேனா ஒரு நொடி நின்றது. பிறகு கீழே இறங்கியது. ஒவ்வொரு படிக்கும் ஒரு சரிக்குறி.

“4.05” என்றார். “என்னோடது 4.1. பாஸ்.” பிறகு வகுப்பு முடிந்துவிட்டது என்பதால், “ஏங்கக்கா எண்ணெய எடுக்கல?” என்று கேட்டார்.

“எண்ணெய் என்னிக்கும் எடுக்கறதுதான மிஸ்” என்றேன்.

குமரேசனும் தேறினார். எண்ணெயை அவர்தான் எடுத்திருந்தார். “மிச்சம் கெடந்துச்சு லா” என்றார். ஆரஞ்சுக்குள் இளஞ்சிவப்பைத் தேடித் தேடிச் சொட்டுச் சொட்டாக விட்டதில், முதல் முறையாக அவருக்குச் சிராப்பு வரவில்லை.

சுவர்

தங்கராஜு அண்ணனின் கடைசி வாரத்தில் ஒரு காலை, சீக்கிரமே வேலைக்குப் போனேன். ஆலையில் நீராவி விட ஆரம்பித்திருந்தார்கள். புளித்த பழ வாசனை ஜன்னல் வழியே வந்தது. தராசுக்கு மேலே இருந்த தாளைப் பிரித்து எடுத்தேன். அடியில் சுவர் வேறு நிறத்தில் இருந்தது, ஒரு நீள்சதுரம், புதுப் பெயிண்ட் போல.

அண்ணன் உள்ளே வந்தார். வெறும் சுவரைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

“என்னா பண்ற?”

“ஒக்காருங்கண்ணே. ஒங்களுக்கும் காட்டணும்.”

உட்கார்ந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதுத் தாளில் எழுதினேன். கார்பன் பதினாறு என்று தொடங்கி ஒவ்வொரு வரியாக. 192 வந்தபோது தானே மனக்கணக்காகப் பெருக்கிப் பார்த்துத் தலையாட்டினார். 256 வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

“இவ்ளோதானா?” என்றார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “யாரும் சொல்லலியே” என்றார்.

பசையை அவரே எடுத்துக் கொடுத்தார். தாளை அந்த நீள்சதுரத்துக்குள் சரியாகப் பொருத்தி, நான்கு மூலையையும் அழுத்தினேன். எட்டு வரிகள். கடைசி வரியில்தான் 25.6 வருகிறது.